பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் மின்சாரக் கார் வாங்குவதற்கு முன்

வந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆனவர்கள் அடிக்கடி கேட்பது இது: "மின்சாரக் கார் வாங்கலாமா? எதை வாங்கலாம்?" எந்தக் கார் என்பதை அப்புறம் பார்ப்போம். இரவில் கார் எங்கே நிற்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். வீட்டு முன்னால் உங்களுக்கென்று டிரைவ்வே இருக்கிறதா, ஃப்ளாட்டின் கார் பார்க்கா, இல்லை தெருவோரமா? இங்கே இந்தக் கார் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர அளவுக் கார் ஒன்று ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 3.5 மைல் ஓடும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மின் நிறுவனங்கள் தரும் இரவுக் கட்டணத்தில் ஒரு யூனிட் 7 முதல் 9 பென்ஸ் வரை. மைலுக்கு இரண்டரை பென்ஸ் அளவில்தான் செலவு. அதே யூனிட்டை மோட்டார்வே சர்வீஸில் இருக்கும் வேகச் சார்ஜரில் வாங்கினால் 75, 80 பென்ஸ். மைலுக்கு 22 பென்ஸ் வந்துவிடும். கேலனுக்கு 40 மைல் தரும் பெட்ரோல் கார், லிட்டர் 1.40 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், 16 பென்ஸில் ஒரு மைல் ஓடும். ஆக, வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வேகச் சார்ஜரை மட்டும் நம்பினால் பெட்ரோலைவிடக் கூடுதலாகத்தான் செலவழிப்பீர்கள்.

டிரைவ்வே உள்ள வாடகை வீடு என்றால் முதல் வேலை, வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது. சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜருக்குப் பொருத்துக்கூலியோடு 1,000 பவுண்ட் அளவில் ஆகும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஃப்ளாட் சொந்தக்காரர்களுக்கும் அரசு மானியம் உண்டு. தொகையும் விதிகளும் மாறுவதால் அரசுத் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே பாருங்கள். இரவுக் கட்டணத்துக்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அதையும் இப்போதே கேட்டு வையுங்கள். அந்த மலிவு நேரத்தில் வீட்டின் மற்ற மின்சாரமும் மலிவுதான், எனவே வாஷிங் மெஷினையும் டிஷ்வாஷரையும் அப்போது ஓடவிடலாம். ஆனால் பகல் கட்டணம் சற்றுக் கூடும். நாள் முழுக்க வீட்டில் ஹீட்டர் போடுபவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

சாதாரண மூன்று முள் பிளக்கில் சார்ஜ் போடலாமா என்றால், போடலாம். ஒரு மணி நேரம் போட்டால் 8 மைல் ஓடும் அளவுக்குத்தான் ஏறும். தினமும் 20, 30 மைல் மட்டும் ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் பழைய வீடுகளின் சாக்கெட், எட்டுப் பத்து மணி நேரம் தொடர்ந்து அந்தச் சுமையைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஜன்னல் வழியாக வெளியே இழுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தைகள் உறங்கும் வீட்டில் சூடேறும் பிளக் வேண்டாம். நடைபாதைக்குக் குறுக்கே கிடக்கும் கேபிளில் யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு நிலைமை வேறு. லண்டனின் பல பகுதிகளில் விளக்குக் கம்பத்திலேயே சார்ஜ் வசதி உண்டு; மெதுவாக ஏறும், இரவெல்லாம் விட்டுவைக்கலாம், விலை வீட்டுக்கும் வேகச் சார்ஜருக்கும் நடுவில். ஆனால் அந்தக் கம்பத்தருகே இடம் கிடைக்கவேண்டுமே! அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ மலிவாகச் சார்ஜ் போட முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், பழைய டொயோட்டா ஹைப்ரிட் ஒன்றை வாங்கி ஓட்டுங்கள். லண்டனில் அதிகப் புகை விடும் பழைய வண்டிகளுக்குப் போடும் யூலெஸ் கட்டணத்துக்குப் பயந்து மின்சாரக் காருக்குப் போகவேண்டாம்; 2006க்குப் பின் வந்த பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அதில் தப்பிவிடும்.

அடுத்து ஓட்டுநர் உரிமம். இந்திய, இலங்கை உரிமங்களை வைத்து, இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அப்புறம் இங்குள்ள எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் தேறவேண்டும். மின்சாரக் கார்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஓட்டுநர் தேர்வை ஆட்டோமேட்டிக் காரிலேயே கொடுக்கலாம், கிளட்ச் தொல்லை இல்லை. ஆனால் அந்த உரிமத்தில் கியர் வண்டி ஓட்ட முடியாது.

பணம் எப்படிக் கட்டுவது என்பதில் புதிதாக வந்தவர்கள் முட்டிக்கொள்வது கிரெடிட் வரலாற்றில், அதாவது இங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவில். அது இல்லாதவருக்கு நல்ல வட்டியில் கடன் கிடைப்பது கடினம். கம்பெனி வழியாக சேலரி சாக்ரிஃபைஸில் எடுத்தால் வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து தவணை போகும், குத்தகையும் கம்பெனி பெயரில் இருக்கும். கம்பெனி கார் என்பதால் அதற்கு வரி உண்டு; ஆனால் மின்சாரக் காருக்கு 2026-27இல் கார் விலையில் 4 சதவீதத்தை மட்டுமே உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். நல்ல திட்டம். ஆனால் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: சம்பளம் குறைவது விசாவுக்குரிய சம்பள வரம்பைத் தொடுமா? எச்ஆரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்று வருடக் குத்தகை எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் வேலை மாறினால் என்ன அபராதம் என்பதையும் பாருங்கள்.

ரொக்கமாக வாங்குபவர்களுக்கு மூன்று, நான்கு வருடப் பழைய கார்தான் என் முதல் பரிந்துரை. புதிய விலையில் பாதிக்கு மேல் இறங்கியவை நிறையக் கிடைக்கின்றன. பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 100,000 மைல் உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செல்லும். எனவே வாங்குமுன் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைக் கேளுங்கள். மிக மலிவாகத் தெரியும் பழைய நிசான் லீஃபில் இரண்டு குறை: பேட்டரியைக் குளிர்விக்கும் தனி அமைப்பு இல்லை, வேகச் சார்ஜுக்கு சாடெமோ பிளக், புதிய நிலையங்களில் அது அருகிவருகிறது. ஊருக்குள் பள்ளி, கடை என்று ஓட்ட அது போதும். வெளியூருக்கு, இப்போது வழக்கத்தில் உள்ள சிசிஎஸ் வேகச் சார்ஜ் பிளக் உள்ள காராகப் பாருங்கள். எம்ஜி4இன் 51 யூனிட் கொள்ளளவு மாடல் போன்றவற்றில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி; 100 சதவீதம் வரை தயங்காமல் ஏற்றலாம். மற்ற வகைகளுக்கு அன்றாடம் 80 சதவீதம் போதும்.

ஒரு முழுச் சார்ஜில் இத்தனை மைல் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டதை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் கால்வாசிவரை குறையும், மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் இன்னும் குறையும். ஜனவரியில் லண்டனிலிருந்து பர்மிங்காம் பக்கம் டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போனால் ஒரு வழி சுமார் 120 மைல். 51 யூனிட் கார் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பும்போது வழியில் சார்ஜ் போடவேண்டும். 20 சதவீதத்திலிருந்து 80 வரை அரை மணி அல்லது சற்றுக் கூடுதல். 80க்கு மேல் மிக மெதுவாக ஏறும், அங்கேயே கிளம்பிவிடுங்கள். ஜாப்மேப் செயலியில் வழியிலுள்ள சார்ஜர்களையும் விலையையும் பார்க்கலாம். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தொட்டே பணம் கட்டும் வசதி 2024 நவம்பரிலிருந்து கட்டாயம்.

மின்சாரக் காருக்கு இருந்த சலுகைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன, பழைய வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து சாலை வரி உண்டு. மத்திய லண்டனுக்குள் ஓட்டுவதற்கான கஞ்செஷன் கட்டணத்திலிருந்து இருந்த முழு விலக்கு 2025 டிசம்பரில் முடிந்துவிட்டது. 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் வரியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு அதைச் சேர்த்தாலும் பெட்ரோலைவிட மலிவுதான்.

கடைசியாக, இன்சூரன்ஸ். புதிய உரிமக்காரர்களுக்கு இது காரின் தவணையையே மிஞ்சலாம். பிடித்த காரின் பதிவு எண்ணை ஒப்பீட்டுத் தளத்தில் போட்டு, உங்கள் போஸ்ட்கோடுக்கு என்ன வருகிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.