ரோஷ்ஃபோர் 10, வெஸ்ட்ஃப்ளேட்டெரன் 12: குடித்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பெல்ஜியத்து ஸ்ட்ராங் பீர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். லூவனுக்கு வேலைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஸ்ட்ராங் பீர் என்றால் எனக்கு ஊரில் பழகிய அர்த்தம்தான் தெரியும்: ஐஸ் மாதிரிக் குளிர வைத்து, ருசி நாக்கில் படுவதற்குள் உள்ளே இறக்கிவிட வேண்டும். இங்கே அப்படியே தலைகீழ். 9, 10, 11 சதவீதம் ஆல்கஹால் உள்ள பீரை 12 முதல் 14 டிகிரி வெப்பத்தில், அகன்ற வாய் வைத்த காலுள்ள கிளாஸில் ஊற்றி, ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

போன செப்டம்பரில் போப்பரிங்கே வரை ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிளில் சின்ட் சிக்ஸ்டஸ் மடாலயத்துக்குப் போனேன். வெஸ்ட்ஃப்ளேட்டெரன் பீர் அங்கேதான் காய்ச்சப்படுகிறது. போப்பரிங்கே, பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் கொடி விளையும் ஊர். நான் போனது அறுவடை நேரம். பாதி வயல்களில் கொடி இறக்கியாகிவிட்டது, வெறும் கம்பங்கள் வரிசையாக நின்றன. மீதிப் பாதியில் கொடிகள் மாடி உயரத்துக்கு ஏறிக் கிடந்தன. காற்றில் ஒரு பச்சைக் கசப்பு வாசனை, வேப்பங்கொழுந்தையும் எலுமிச்சை இலையையும் சேர்த்துக் கசக்கினால் வருவது போல. பீரில் அதுவரை நான் கசப்பு என்று மட்டும் சொல்லிவந்த சங்கதிக்கு மூலம் இதுதான் என்று அந்தச் சாலையில்தான் தெரிந்தது.

மடாலயத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. எதிரே உள்ள ‘இன் டே ஃப்ரேடே’ கஃபேயில் உட்கார்ந்து குடிக்கலாம். துறவிகள் 1838-இலிருந்து இங்கே பீர் காய்ச்சுகிறார்கள். மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். உலகமே கேட்டாலும் கூட்டுவதில்லை. முன்பெல்லாம் தொலைபேசியில் சொல்லி வைத்து, குறித்த நாளில் போய்ப் பெட்டியை வாங்கிவர வேண்டும். 2019 முதல் இணையத்தில் பதிவு செய்கிறார்கள். வாங்கியதை வேறு யாருக்கும் விற்காதீர்கள் என்பது அவர்களுடைய நிபந்தனை. மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டதால் 2012-இல் ஒரு தடவை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு இந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, பீருக்கு வருகிறேன். 12 என்பது பீரின் பெயர்தான், ஆல்கஹால் 10.2 சதவீதம். அடையாளம் மஞ்சள் மூடி. மேசைக்கு வந்ததும் ஒரு வாய் குடித்தேன். இனிப்பு, கொஞ்சம் சாராயச் சூடு, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேச்சு என்று மனசு சுருங்கிவிட்டது. நோட்டில் 20-க்கு 13 என்று எழுதிவிட்டு, கூட வாங்கிய பாலாடைக்கட்டித் துண்டுகளைச் சாப்பிட ஆரம்பித்தேன். அரை மணி கழித்துக் கிளாஸை எடுத்தபோது உள்ளே வேறு பீர் இருந்தது. மூக்கைக் கொண்டுபோனதுமே பேரீச்சம்பழம், அப்புறம் நெய்யில் வறுத்த உலர்திராட்சை, அடியில் காய்ச்சின கருப்பட்டிப் பாகு. குளிரில் அந்த வாசனைகள் எல்லாம் அடங்கிக் கிடந்திருக்கின்றன. 13-ஐ அடித்துவிட்டு 17 போட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு ஸ்ட்ராங் பீருக்கும் இரண்டு தடவை மதிப்பெண் போடுகிறேன், ஊற்றியவுடன் ஒன்று, நாற்பது நிமிஷம் கழித்து ஒன்று. மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 5, ருசிக்கு 10, வாயில் நிற்கும் தன்மைக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 20 என்று ஒரு கணக்கு உண்டு, பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாயிலேயே போட்ட மார்க்கை நான் இப்போது நம்புவதில்லை. லாகர் என்கிற ஐந்து சதவீதச் சாதாரணப் பீருக்கு அது சரிப்படும். இந்த ரகத்துக்குச் சரிப்படாது.

அடுத்த மாதம் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். வெஸ்ட்ஃப்ளேட்டெரன் 12, ரோஷ்ஃபோர் 10, சின்ட் பெர்னார்டுஸ் ஆப்ட் 12. மூன்றாவதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆலை இருப்பது மடாலயத்துக்குப் பக்கத்திலேயே, வாட்டூ கிராமத்தில். 1946 முதல் 1992 வரை சின்ட் சிக்ஸ்டஸ் பெயரில் பீர் காய்ச்சி விற்க அந்த ஆலைக்குத்தான் உரிமம் இருந்தது. இன்றைக்கு ஆப்ட் 12 சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. என் மனைவி சமையலறையில் ஊற்றி, கிளாஸ்களுக்கு அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

ரோஷ்ஃபோரைக் கண்டுபிடித்துவிட்டேன். 11.3 சதவீதம், மூன்றில் வலுவானது. நிறம் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் செம்மை காட்டும் கரும்பழுப்பு. நுரை டிகாக்‌ஷன் கலந்த பால் நிறம். மோந்தால் முதலில் கிராம்பு, பின்னால் கசப்புச் சாக்லேட், அத்திப்பழம். விழுங்கின பிறகு தொண்டையில் மிளகு ரசம் குடித்த மாதிரி ஓர் இளஞ்சூடு நிற்கிறது. இத்தனை வாசனையில் இனிப்பு இருந்தும் குடித்தால் திகட்டுவதில்லை. காய்ச்சும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் அநேகமாக முழுசாகத் தின்று ஆல்கஹாலாக்கிவிடுவதால் பீர் கனத்துப் போவதில்லை. பழமும் கிராம்பும் அந்த ஈஸ்ட் தருவதுதான். கிராம்பு என்று யாரும் கொப்பரையில் போடுவதில்லை.

மற்ற இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஆப்டைத்தான் வெஸ்ட்ஃப்ளேட்டெரன் என்று உறுதியாகச் சொன்னேன். கடைசி மார்க்: ரோஷ்ஃபோர் 18, மற்ற இரண்டும் 17. அதனால் வெஸ்ட்ஃப்ளேட்டெரன் கிடைக்கவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம், கள்ள விலைக்கும் வாங்க வேண்டாம். மடத்துக்கு எதிரில் போய் உட்கார்ந்து குடியுங்கள், அந்தச் சைக்கிள் பாதைக்காகவே. வீட்டில் குடிக்க ரோஷ்ஃபோர் போதும்.

உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் கறுப்புப் பீர்களை மட்டும் எழுதியதால் நான் பொன்னிறத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது. ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறேன். இங்கிருந்து வெஸ்ட்மல்லெ மடாலயம் பஸ் தூரம்தான்.

எனக்கு முதல் அனுபவம் டூவலில். 8.5 சதவீதம். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ‘விக்டரி ஏல்’ என்ற பெயரில் வந்த பீர். குடித்துப் பார்த்த ஒரு செருப்புத் தொழிலாளி, இது அசல் பிசாசு என்று சொன்னாராம். 1923-இல் அந்தப் பேச்சுவழக்குச் சொல்லே பெயராகிவிட்டது. அந்தக் கதை தெரியாமல் நான் அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்து, வெளிர்மஞ்சளாக இருக்கிறதே என்று பில்ஸ் என்கிற சாதாரண வெளிர் லாகர் போலவே குடித்தேன். எலுமிச்சை, பேரிக்காய் வாசனை, பொங்கிக்கொண்டே இருக்கும் வெள்ளை நுரை, வலு இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது முடிந்து எழுந்தபோது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. தோழிதான் வீடுவரை கொண்டுவந்து விட்டாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 33 செ.லி. (330 மி.லி.) டூவல் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 25 செ.லி. பில்ஸ் இரண்டு கிளாஸுக்கும் மேல். நான் இப்போது ஒரு மாலைக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்கிறேன். வண்டி ஓட்டுவதாக இருந்தால் அதுவும் கிடையாது.

வெஸ்ட்மல்லெ மடாலயத்தின் பொன்னிறப் பீரான ட்ரிப்பெல் 9.5 சதவீதம். 1934-இல் வந்தது, 1956-இல் ஹாப்ஸைக் கூட்டி இப்போதுள்ள செய்முறைக்கு வந்தார்கள். மடாலயத்துக்கு எதிரே கஃபே ட்ராப்பிஸ்டனில் குடித்தேன். வாழைப்பழ வாசனையோடு ஆரம்பித்து, ஆரஞ்சுத் தோலைக் கடித்த மாதிரி வறண்ட கசப்பில் முடியும். நீங்கள் சொல்லும் நாற்பது நிமிஷம் இதற்குப் பொருந்தவில்லை என்பேன். கால் மணியில் இது உச்சத்துக்கு வந்துவிடுகிறது, அதற்குமேல் வைத்தால் நுரையின் துள்ளல் போய் இனிப்புத் தூக்குகிறது. அந்தக் கஃபேயில் அதே மடத்தின் கரும்பழுப்பு டூபெல் பாதி, ட்ரிப்பெல் பாதி கலந்தும் தருகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இரண்டின் குணமும் மங்கிவிடுகிறது.

பெல்ஜியத்தில் ஏன் இத்தனை வலுவான பீர் என்று கேட்டபோது கஃபேயில் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சொன்னார். மதுக்கடைகளில் ஜின் போன்ற காய்ச்சி வடித்த மதுவை ஊற்றிக் கொடுக்கத் தடை, 1983 வரை. வலுவாகக் குடித்துப் பழகியவர்களைப் பீர் ஆலைகள் பிடித்துக்கொண்டனவாம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மதுக்கடை நடத்தியவர்.

*

நான் நாமூரில் இருக்கிறேன். பெரிதாக எழுத வராது, ஒரே ஒரு அனுபவம்.

பக்கத்து வீட்டில் எண்பது வயதுத் தாத்தா ஒருவர், தனியாக இருக்கிறார். போன குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தேன். மார்ச்சில் ஒருநாள் கூப்பிட்டு, மாடிப்படிக்கு அடியிலிருந்து தூசி படிந்த 75 செ.லி. ஷிமே நீலம் என்ற பீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். லேபிளில் போட்டிருந்த வருஷத்துக்கு எட்டு வயது. 1948-இல் கிறிஸ்துமஸுக்காகக் காய்ச்ச ஆரம்பித்த பீர் இது, 9 சதவீதம். புட்டிக்குள்ளேயே ஈஸ்ட் இருப்பதால் வருஷக்கணக்கில் மாறிக்கொண்டே வரும் என்றார்.

கார்க் திறக்கும்போது சத்தமே இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரிதான். அவர் புட்டியைச் சாய்த்தபடியே மூன்று கிளாஸில் தொடர்ந்து ஊற்றினார், இடையில் நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தினால் அடிவண்டல் கலங்கிவிடுமாம். மூன்றாவது கிளாஸ் இறந்துபோன அவர் மனைவிக்கு. அது மேசையிலேயே இருந்தது.

கடையில் வாங்கும் புது ஷிமேயில் இருக்கும் காரமும் துள்ளலும் இதில் இல்லை. பழைய மர அலமாரி வாசனை, நாட்பட்ட புளியின் மெல்லிய புளிப்பு, ஷெர்ரி ஒயின் சாயல். நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது. மார்க் போடுகிறவர்கள் தோற்றத்தில் குறைப்பார்கள். நான் மார்க் போடவில்லை.

*

இரண்டு பேருக்கும் நன்றி. சகோதரி சொன்னது சரிதான். நேற்று வெஸ்ட்மல்லெ ட்ரிப்பெலை வாங்கிவந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்துப் பார்த்தேன். பதினைந்தாவது நிமிஷத்தில் 17, நாற்பதாவது நிமிஷத்தில் 14. நாற்பது நிமிஷக் கணக்கைக் கறுப்புப் பீர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நாமூர் நண்பரே, அந்த மூன்றாவது கிளாஸைப் பற்றிப் படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய செருப்புப் பெட்டிகளை எடுத்து இடம் ஒழித்துக் கொடுத்தாள். ரோஷ்ஃபோர் 10 ஆறு புட்டி, வெளிச்சம் படாமல், நிற்க வைத்திருக்கிறேன். மூடியில் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்று.