சுருதி மாறினாலும் உதவும் கோர்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தாள் யாரிடமாவது உண்டா?

அண்ணன் அக்காமார்களே, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவில் படிவம் 1, 2 பிள்ளைகள் கீபோர்டும் கித்தாரும் பழகுகிறார்கள். சரளி வரிசை தெரியும். கோர்ட் எழுத்துதான் இடறுகிறது.

காரணம், 'ஸ' சுருதியோடு நகரும், மேற்கத்திய சுரப் பெயரான 'சி' (C) நகராது. 1 கட்டைச் சுருதியில் (ஸ = சி) ஸ-க-ப பிடித்தால் சி மேஜர்: சி, ஈ, ஜி. அதே ஸ-க-ப 2 கட்டையில் (ஸ = டி) டி மேஜர்: டி, எஃப் ஷார்ப், ஏ. பிள்ளைகள் கறுப்புக் கட்டையை விட்டுவிட்டு வெள்ளை எஃப்பை அழுத்துகிறார்கள், டி மைனர் ஆகிவிடுகிறது. அடிச்சுரத்திலிருந்து 4 அரைச்சுரம் (கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து 4 கட்டை தள்ளி), பிறகு 3 என்றால் மேஜர். 3, பிறகு 4 என்றால் மைனர். இது இப்போது விரலுக்கு வந்துவிட்டது. அடுத்த தலைவலி சி7, அதாவது சி மேஜரோடு நான்காவதாக ஒரு சுரம் சேர்ந்தது. அதில் பி ஃபிளாட்தான் வரும். பி வந்தால் அது சி மேஜர்7, பஜனைக்கு ஒட்டவே ஒட்டாது (என் காதுக்கு).

தேவை இதுதான்: எழுத்துக்குப் பதில் ஸ-வை 1 என வைத்து 1, 4, 5 எனப் படி எண்ணில் எழுதிய பஜனைத் தாள்கள். பாடுபவர் மாறி 5 கட்டைக்குப் போனாலும் திருப்பி எழுத வேண்டாம். சங்கராபரண ராகச் (மேஜர் ஸ்கேல்) சாயல் பாடல்களாகத் தாருங்கள். மாயாமாளவகௌளை ராகம் இப்போது வேண்டாம்; அதன் ரி தாழ்ந்திருப்பதால் 5-ஆம் படிக் கோர்ட்டான ப-நி-ரி மேஜராக அமையாது. உபரியாகக் கித்தார் கேப்போ (சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் பிடிப்பான்) இருந்தாலும் சொல்லுங்கள்.