மடக்குக் கூரைக் காரில் மழைநீர் இறங்குகிறது: கூரையை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மான்செஸ்டரில் வசிக்கும் நான், 1992-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை வைத்திருக்கிறேன். இரவில் மழை பெய்தால், மறுநாள் காலையில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை அழுத்தும்போது விரலிடுக்கில் நீர் ஊறி வருகிறது. மழையில் ஓட்டினால் முன் கண்ணாடியின் வலது மேல் மூலையிலிருந்தும் சொட்டுகிறது. வினைல் கூரையில் கிழிசல் எதுவும் தென்படவில்லை. நீர்காப்புத் திரவத்தை இருமுறை அடித்தும் பயனில்லை. கூரை தைப்பவர் ஒருவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1

வணக்கம் நண்பரே. வினைல் நீரை உறிஞ்சாது. அந்தத் திரவம் துணிக் கூரைகளுக்கானது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று நினைக்கிறேன்.

பின்பக்க ஈரத்துக்கு முதலில் வடிகாலைப் பாருங்கள். இந்த வண்டியில் கூரையின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. கூரையில் வழியும் நீர் அதில் விழுந்து, இரு மூலைகளிலும் சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியே இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் நிரம்பி உள்ளே வழியும். கூரை புதிதாக இருந்தாலும் இதுதான் நடக்கும். கொக்கிகளை அவிழ்த்துக் கூரையைப் பாதி தூக்கி, டார்ச் அடித்துத் துளையைக் கண்டுபிடித்து, அரை லிட்டர் நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அடைப்பு இருந்தால், புல்வெட்டும் கருவியில் போடும் தடித்த நைலான் நரம்பை மெல்ல நுழைத்து அசையுங்கள். இரும்புக் கம்பியும் அழுத்தக் காற்றும் கூடவே கூடாது, ஏனெனில் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடக்கூடும்.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த வாய்க்காலே வெடித்திருந்தால் வடிகாலைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. அதைத் தனியாக மாற்றலாம் என்றாலும் கூரையின் பின் விளிம்பைக் கழற்றியாக வேண்டும்.

முன் மூலைக்கு ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் பட்டிக்கும் கூரைக்கும் இடையில் வைத்து, கொக்கியைப் பூட்டி இழுங்கள். இறுக்கமில்லாமல் வந்துவிட்டால் அங்கே அழுத்தம் போதவில்லை. கொக்கியின் திருகை அரைச்சுற்று வீதம் முறுக்கி மீண்டும் சோதியுங்கள். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் நல்லது. பெட்ரோலிய எண்ணெய் கலந்தவை அதை உப்பவைத்துக் கெடுக்கும்.

பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர, மற்றொருவர் ஹோஸ் பைப்பில் மெல்லிய நீரைக் கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் சில நிமிடம் நிறுத்தி நிறுத்தி விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, நீர் நுழையும் இடம் பிடிபடாது.

கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இடப்புறம் ஊற்றிய நீர் உடனே தரையில் விழுந்தது. வலப்புறமோ கிண்ணத்தில் ஊற்றியதுபோல அசையாமல் நின்றது. நரம்பைக் கால் மணி நேரம் அசைத்த பிறகு, கரிய சேறும் அதில் சிக்கிய பைன் ஊசியிலைகளும் வெளிவந்தன; நீர் ஒரே மூச்சில் இறங்கிற்று. முன் கொக்கியை இரண்டு அரைச்சுற்று முறுக்கியதும் காகிதம் பிடித்துக்கொண்டது. அதன்பின் இரண்டு நாள் மழையிலும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் பின்முனையில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. உள்ளே துருத்தடுப்பு மெழுகை இப்போதே அடிக்கலாமா?

பதில் 1

இப்போது வேண்டாம். இந்த வண்டிகளை எம்ஓடி எனும் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதி ஆய்வில் வீழ்த்துவது பெரும்பாலும் அந்த இடத்துத் துருதான். கார்ப்பெட்டையும் அதன் அடிப்பஞ்சையும் வெளியே எடுத்து நன்றாக உலர்த்துங்கள். கொப்புளத்தைச் சுரண்டி, தகட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் முடிந்த பிறகே மெழுகு அடிக்க வேண்டும்.