புதுப்பிப்பு: தம்பியின் கல்லூரி வைஃபை முடக்கம் நீங்கியது

உதவிய எல்லாருக்கும் நன்றி. பதிப்புரிமை மீறல் என்று கல்லூரி தம்பியின் வைஃபை கணக்கை முடக்கியதைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்தத் திரைப்படத்தை அவன் டோரண்ட் செயலியில் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் செயலி) இறக்கியது சுங்கை சிப்புட் வீட்டில். கல்லூரியில் எதையும் இறக்கவில்லை.

"கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்திப் பார்" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. டோரண்ட் செயலி அங்கே உட்கார்ந்துகொண்டு, இறக்கி முடித்த படத்தைக் கல்லூரி வைஃபை வழியாக மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது! செயலியின் சன்னலை மூடினாலும் அது நிற்காது. கணினியைத் திறந்தாலே தானாக ஓடும்.

செயலியையும் படத்தையும் நீக்கி, விளக்கக் கடிதமும் உறுதிமொழியும் கொடுத்தான். கணக்கு திறந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: பதிப்புரிமையை மீறிய நகலை விநியோகித்தால் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமாம். வி.பி.என் (இணைய முகவரியை மறைக்கும் சேவை) போடும் யோசனையை நாங்கள் தொடவில்லை. அது தடத்தை மறைக்கும், மீறலை இல்லாமல் ஆக்காது.