முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த கோயோட்டி

வட பென்சில்வேனியாவிலிருந்து:

போன பிப்ரவரி, அலிகேனி தேசியக் காடு. கோயோட்டி (ஓநாய்க்கு உறவான, அதைவிடச் சின்னக் காட்டு நாய்) வேட்டைக்கு இரண்டு சனிக்கிழமை அலைந்து இடத்தைப் பிடித்திருந்தேன். மரம் வெட்டிய காலத்துப் பழைய வண்டிப்பாதை இரண்டாகப் பிரிகிறது, அந்தக் கவையில் அதன் விட்டை, பழசும் புதுசுமாக, மான் முடி நிறைய. முதல் நாள் சாயங்காலம் கோயோட்டி மாதிரி ஊளையிடும் ஊதலை ஒரே ஒரு தடவை ஊதினேன். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. (இரண்டு கத்தினாலே பத்து மாதிரி கேட்கும், உங்களுக்கே தெரியும்.)

மறுநாள் விடியும் முன் போய் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். எதிரே லாரல் புதர், நடுவில் ஒரு வெட்டவெளி. ரிமோட் ஸ்பீக்கர் முப்பது தப்படி தள்ளி. அதில் அடிபட்ட முயலின் அலறல், இரை என்று நினைத்துக் கோயோட்டி வரட்டும் என்று. இருபது நிமிஷம் ஒன்றும் வரவில்லை, காக்காய்கூட. எழுந்து திரும்பினேன்.

மரத்துக்குப் பின்னால், ஐந்து தப்படிக்குள், பனியில் ஒரே வரிசையாகத் தடம் வந்து நின்றிருந்தது. அங்கே ஒரு சின்னக் குழி. உட்கார்ந்த சூட்டில் பனி உருகிப் பளபளவென்று இருந்தது. தடம் வந்த வழியே திரும்பிப் போகிறது. ஓட்டம் இல்லை, நிதானமான நடை.

எவ்வளவு நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்ததோ! சுட முடியாமல் போனதை மறந்துவிட்டேன். ஒரு சத்தம்கூடக் காதில் விழவில்லையே, அதுதான் இன்னும் அரிக்கிறது.

அடிராண்டாக் (நியூயார்க் மாநில மலைப்பகுதி) பக்கமிருந்து:

காற்று முகத்திலா, முதுகிலா? அதை நீங்கள் எழுதவே இல்லை. முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், மான் வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

என் கதை சின்னது. 2021 டிசம்பரில் எங்கள் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் அருகே ஒருவர் கோயோட்டி என்று சுட்டது 85 பவுண்டு இருந்ததும், மரபணுச் சோதனையில் அது ஓநாய் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் என் ஊதலுக்கு ஒன்று வந்தது. எங்கள் பக்கம் நாற்பது பவுண்டு இருந்தாலே நல்ல கோயோட்டி. இதற்குக் கால் நெடுநெடுவென்று, மண்டை அகலம். துப்பாக்கி ஸ்கோப்பில் வைத்தே பார்த்தேன். விரல் அசையவில்லை. போய்விட்டது. அது என்ன பிராணி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டால்கம் பவுடர் புட்டி ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். உட்காரும் முன் ஒரு பீய்ச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு பீய்ச்சு, காற்று போகும் பக்கம் தெரிந்துவிடும். காட்டுக்குள் காற்று ஒரே பக்கமாக வீசாது. வெயில் ஏறும் முன் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் பட்டதும் மேலே ஏறும். கோயோட்டி சத்தத்தை நேராக நம்பாது, சுற்றிக்கொண்டு காற்று போய்ச்சேரும் பக்கத்துக்கு வந்து மோந்து பார்க்கும். அதனால் காற்றுக்குக் குறுக்கே உட்காருங்கள். அது சுற்றி வரக்கூடிய பக்கத்தில் ஒரு திறந்த இடம் கண்ணில் படவேண்டும். முதல் சத்தம் மெதுவாக இருக்கட்டும், நூறு அடியிலேயே படுத்திருந்தால் மிரண்டுவிடும். காரைத் தள்ளி நிறுத்துங்கள், கதவை அடித்துச் சாத்தாதீர்கள். அப்புறம் இருபது நிமிஷம் போதாது. சமவெளியில் போதும், மரக்காட்டில் அரை மணி நேரமாவது அசையாமல் இருக்கவேண்டும். எழுந்திருக்கும் முன் தலையை மட்டும் மெல்லத் திருப்பி நாலு பக்கமும் பாருங்கள்.

தென்கிழக்கு ஒஹாயோவிலிருந்து:

அடிராண்டாக் நண்பருக்கு: மோப்பம் பிடித்திருந்தால் மனிதனுக்கு ஐந்து தப்படி பின்னால் வந்து உட்காருமா? பிடித்த நொடியே பறந்திருக்கும். பென்சில்வேனியாக்காரருடைய வாடை அதற்குப் போகவே இல்லை. நீங்கள் சொல்லும் கணக்கு இந்தக் கதைக்குப் பொருந்தவில்லை. அவர் யோசனையும் கேட்கவில்லை.

எப்போதும் சுற்றித்தான் வரும் என்பதும் சரியில்லை. வெய்ன் தேசியக் காட்டில் எனக்கு ஒன்று அம்பு மாதிரி நேராக வந்தது. ஜூன் மாதம். இங்கே கோயோட்டிக்கு வருஷம் முழுவதும் அனுமதி, சட்டப்படி நான் செய்தது தப்பில்லை. குட்டி வலியில் கத்தும் சத்தத்தைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காற்றைப் பார்க்கவில்லை, நிற்கவில்லை, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தது. சுட்டேன். புரட்டிப் பார்த்தால் மடியில் பால்.

தகப்பனும் குட்டிகளுக்கு இரை கொண்டுவரும், பிழைத்திருக்கும் என்றார் கூட வந்தவர். தகப்பன் இரை கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் போட்டதில்லை, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை காட்டுக்கு ஊதலே கொண்டுபோவதில்லை. நியூயார்க்கில் மார்ச் கடைசி ஞாயிறோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் மாநிலத்திலும் அப்படி வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வருஷம் முழுவதும் போகலாம் என்று சொல்லுபவர்கள் அந்த மடியை ஒரு தடவை பார்க்கவேண்டும்.

மிச்சிகனிலிருந்து:

கோயோட்டி பின்னால் வந்ததைச் சொல்கிறீர்கள். எனக்குப் பின்னால் வந்தது மனுஷன். ஹியூரான் மேனிஸ்டீ காடு, யாரும் வரலாம், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் விசாவில் இருந்த வருஷம். வேட்டை உரிமம் எடுத்தால்தான் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதால் முதல் வேலையாக அதை எடுத்திருந்தேன். வாயால் முயல் ஊதலை ஊதிக்கொண்டிருக்கிறேன், தலை முதல் கால் வரை இலை அச்சுத் துணி. இடப்பக்கம் சுள்ளி முறிந்தது. கண்ணை மட்டும் திருப்பினால் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு தொப்பி, அதற்குக் கீழே துப்பாக்கிக் குழலின் வட்டம், எனக்கு நேராக.

“டேய், ஆள் இருக்கேன்!” என்று தமிழில்தான் கத்தினேன். அவர் அப்படியே துப்பாக்கியை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. முயல் சத்தத்தைத் தேடி வந்திருக்கிறார், நான் எழுப்பிய சத்தத்தை!

அதற்குப் பிறகு என் தலைக்கு மேல் கிளையில் ஆரஞ்சுத் துணி கட்டாமல் ஊதலை எடுப்பதில்லை. கோயோட்டிக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது, ஆளுக்குத் தெரியும்.

வட பென்சில்வேனியாவிலிருந்து, மறுபடியும்:

ஒஹாயோக்காரர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. நேற்று விடியும் முன் பவுடர் புட்டியோடு அதே ஹெம்லாக்கடிக்குப் போனேன். மேலே காற்று முகத்தில்தான் அடிக்கிறது. ஆனால் மரத்தடியில் பீய்ச்சினால் பவுடர் ஒரு அடி உயரத்தில் மிதந்து, என் முழங்காலைத் தாண்டி, சரிவோடு ஓடைக்கு இறங்கிப் போகிறது. கோயோட்டி உட்கார்ந்த இடம் சரிவில் எனக்கு மேலே. அங்கே போய் நானும் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து நான் சாய்ந்த மரம், என் தொப்பி இருந்திருக்கக்கூடிய இடம், அந்த ஸ்பீக்கர், எல்லாமே தெரிகிறது.