வைஃபை கணக்கில் 2,316 முறை

குழு: நம்ம வீடு

அக்கா: தம்பி, நேரம் இருந்தால் இதைப் பார். வைஃபை ஆப்பில் வாரக் கணக்கு வந்திருக்கிறது. உன் மருமகன் போனில் டபுள்கிளிக் என்ற தளம் மட்டும் 2,316 முறை! பிளஸ் டூ படிக்கிற பையன். நேற்று ராத்திரியே போனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்கா: 📷 படம்

அம்மா: பிள்ளையைத் திட்டிவிடாதே. விசாரித்துக்கொள்.

அத்தான்: ஒரு நாளைக்கு 330 முறைக்கு மேல் வருகிறது. கேட்டால் அப்படி ஒரு தளமே தெரியாது என்கிறான்.

நான்: உண்மையைத்தான் சொல்கிறான் அத்தான். டபுள்கிளிக் யாரும் போய்ப் பார்க்கிற தளம் இல்லை. கூகுளின் விளம்பரச் சேவை அது, 2008-இல் வாங்கினார்கள். செய்தியோ கிரிக்கெட் ஸ்கோரோ திறந்தால், விளம்பரம் எடுக்கப் போனே அங்கே போகும்.

நான்: அந்த எண் அவன் விரல் பட்ட கணக்கு இல்லை. ‘இந்தத் தளத்தின் முகவரி என்ன’ என்று போன் கேட்ட கோரிக்கைகளின் கணக்கு. ஒரு செய்திப் பக்கத்தை ஒரே ஒரு முறை திறந்தாலும் படம், எழுத்துரு, விளம்பரம் என்று பல தளங்களின் முகவரியைப் போன் கேட்கும். அத்தனையும் வாரக் கணக்கில் ஏறும்.

அக்கா: சரி, அதற்காக இரண்டாயிரமா?

நான்: அந்த வரியில் ‘தடுக்கப்பட்டது’ என்று இருக்கிறதா?

அக்கா: ஆமாம், சிவப்பில். உன் அத்தான் போன மாதம் விளம்பரத் தடுப்பு போட்டார்.

நான்: அதனால்தான் எண் இப்படி ஏறுகிறது. தடுத்துவிட்டால் ஆப் சும்மா இருக்காது, திரும்பத் திரும்பக் கேட்கும். கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். தடுக்காத முகவரி என்றால் கிடைத்த பதிலைப் போன் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. அதனால் யாரும் பார்க்காத தளம்கூடப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும்.

நான்: பீரோவில் வைத்தபோது போனை அணைத்தாயா?

அக்கா: இல்லை, சைலண்டில் போட்டேன்.

நான்: அப்படியானால் இன்றைய கணக்கை எடுத்துப் பார்.

அக்கா: 374 காட்டுகிறது! கனெக்டிவிட்டிசெக், கூகுள்ஏபிஐஸ், டபுள்கிளிக்கும் இருக்கிறது.

அம்மா: பூட்டின பீரோவுக்குள் யார் பார்த்தது?

நான்: யாரும் இல்லை அம்மா. இணையம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு போன் தானாகவே கேட்டுப் பார்க்கும், கனெக்டிவிட்டிசெக் அதற்குத்தான். ஆப்களும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், கூகுள்ஏபிஐஸும் டபுள்கிளிக்கும் அவை கேட்பவைதான்.

அத்தான்: அப்போது இந்த ரிப்போர்ட்டால் பயனே இல்லையா?

நான்: இருக்கிறது அத்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு டேட்டா அளவையும் நேரத்தையும் பாருங்கள். யூடியூப் பார்த்தால் கூகுள்வீடியோ என்ற முகவரியில் நூற்றுக்கணக்கில் எம்பி ஏறும். ஆனால் எந்த வீடியோ என்று ரவுட்டருக்குத் தெரியாது, தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். பாடமா கிரிக்கெட்டா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா: செவ்வாய் இரவு 11:40-இலிருந்து 12:50 வரை கூகுள்வீடியோ 640 எம்பி.

நான்: இதைப் பற்றி அவனிடம் கேள் அக்கா, தாராளமாகக் கேள். அந்த 2,316-ஐப் பற்றிக் கேட்டால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பொய் சொல்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். செய்யாத ஒன்றுக்குப் பிள்ளை திட்டு வாங்குவான், அதுதான் எனக்குக் கவலை.

*மாலை 6:52*

அக்கா: கேட்டேன். இயற்பியல் வகுப்பு வீடியோவாம், ஹிஸ்டரியையும் காட்டினான். கடைசி அரை மணி நேரம் ஹைலைட்ஸ் பார்த்ததையும் அவனே சொல்லிவிட்டான். போனைக் கொடுத்துவிட்டேன். பதினொன்றுக்கு மேல் ஹாலில் சார்ஜில் போட வேண்டும் என்று பேசியிருக்கிறோம்.

அத்தான்: ‘அதிகம் பார்த்த தளங்கள்’ அலர்ட்டை நிறுத்திவிட்டேன். இனி டேட்டா பக்கம் மட்டும் பார்க்கிறேன்.

அம்மா: 👍