27 வயது தங்கைக்குச் சட்டப் பாதுகாவலர் சான்று: யார் கேட்கலாம், எங்கே கொடுப்பார்கள்?

காவிரிக்கரை:
தங்கைக்கு 27 வயது, அறிவுசார் குறைபாடு 75%. யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை) இருக்கிறது. அப்பா தபால் துறையில் ஓய்வு பெற்றவர், போன வருடம் தவறிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது, அம்மாவுக்கு 69. வீடு அப்பா சுயமாகக் கட்டியது, உயில் கிடையாது. பிள்ளைகள் மூவர்: கல்யாணமான அக்கா, கல்யாணமாகாத அண்ணன் நான், தங்கை. தங்கை பெயரில் கணக்குத் தொடங்க வங்கியில் கார்டியன் சர்டிபிகேட் கேட்கிறார்கள். கோர்ட்டா, கலெக்டர் ஆபீஸா? நானே கார்டியன் ஆகலாமா? "பெத்தவ நான் இருக்கும்போது இது எதுக்கு?" என்கிறார் அம்மா.

மனுநீதி:
அம்மா கேட்பது நியாயம்தான், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 18 வயது முடிந்ததும் தாய் தகப்பனின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. குறைபாடு இருப்பதால் அது தானாக நீளாது.

கோர்ட் வேண்டாம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். அதன் 14-ஆம் பிரிவின்படி பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் நிலைக் குழு. கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் அதில் இருப்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் 'படிவம் அ', நியமன ஆணை 'படிவம் ஆ'. வக்கீல் தேவையில்லை.

நீங்கள் கார்டியன் ஆக முடியுமா என்றால், இப்போதைக்கு முடியாது. தனி ஆண் ஒருவரைப் பெண்ணுக்குப் பாதுகாவலராக நியமிக்க 2000-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. கல்யாணமானாலும் மனைவியோடு சேர்ந்துதான், அதிலும் மனைவிதான் முதன்மை. இது தெரியாமல் அண்ணன் தம்பி பெயரில் போட்டு, குழுக் கூட்டத்தில் திரும்பி வரும் மனுக்கள் நிறைய.

அக்காவை முன்மொழிந்து அம்மா கையெழுத்துப் போடுவதே நல்லது. தாய் தன் விருப்பப்படி தகுதியுள்ள யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மாவே பாதுகாவலர் ஆனால், அவர் காலத்துக்குப் பிறகு நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

இணைக்க வேண்டியவை: ஊனச் சான்று அல்லது யூ.டி.ஐ.டி., தங்கையின் வயதுச் சான்று, எல்லோர் ஆதார், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அக்காவின் சம்மதக் கடிதம், அம்மாவின் சம்மதம், உங்கள் ஆட்சேபணையில்லாக் கடிதம், தங்கையின் சொத்துப் பட்டியல். முன்மொழியப்படுபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். தண்டனை பெற்றவரோ திவாலானவரோ பிறர் தயவில் வாழ்பவரோ ஆகாது.

மனுவில் எதற்காக என்று தெளிவாக எழுதுங்கள்: வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மருத்துவச் சம்மதம். பாதுகாவலர் தேவையா, என்ன நோக்கத்துக்கு என்பதைக் குழு பார்த்தே ஆக வேண்டும். "எல்லாவற்றுக்கும்" என்று எழுதினால் கேள்விதான் அதிகமாகும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். கூட்டத் தேதியைக் கேட்டு அதற்கு முன் மனு சேரும்படி பாருங்கள்.

வங்கியில் "கோர்ட் ஆர்டர்தான் வேணும்" என்றால், 2007 நவம்பரில் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கையைக் காட்டுங்கள். உள்ளூர் நிலைக் குழுவின் சான்றை ஏற்கலாம் என்று அதில் இருக்கிறது.

பென்ஷன்மேசை:
தபால் துறை என்பதால் மத்திய அரசு விதி. அம்மா இருக்கும்போதே இரண்டு வேலையை முடியுங்கள். ஒன்று, தங்கையின் பெயரை பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) சேர்க்க விண்ணப்பம். இரண்டு, தங்கை சார்பில் ஓய்வூதியம் வாங்குபவர் யார் என்று அம்மா எழுதித் தரும் நியமனம். அப்பா எழுதாமல் போயிருந்தால் அம்மா எழுதலாம். குழுவின் பாதுகாவலர் சான்றும் ஏற்கப்படும்.

சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு குறைபாடு என்று மருத்துவக் குழு எழுத வேண்டும். வெறும் 75% என்ற எண் போதாது, மனு நிற்பதே இந்த ஒரு வரியில்தான். நிரந்தரம் என்று எழுதியிருந்தால் ஒரே தடவை, இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுச் சான்று. தங்கைக்கு வாடகை, வட்டி என்று வேறு வருமானம் இருந்தாலும் கவலையில்லை. அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30%, அதற்குரிய அகவிலை நிவாரணம், இரண்டின் கூட்டுத்தொகைக்குக் கீழே இருந்தால் போதும். 2021-ல் இப்படித் தளர்த்தினார்கள்.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. சான்று கையில் வந்ததும், தங்கைக்காக அக்கா கையெழுத்துப் போட்டு வீட்டை என் பெயருக்கு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதலாமா? தங்கையை நான்தான் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மனுநீதி:
வேண்டாங்க. உயில் இல்லாததால் இந்து வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் தலா கால் பங்கு. தங்கையின் கால் பங்கைச் சும்மா விட்டுக்கொடுப்பது அவர் நலனுக்கானது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அக்காவும் அதே சொத்தில் பங்காளி, ஆகவே பாதுகாவலரின் நலனும் தங்கையின் நலனும் மோதும். பத்திரம் பதிவானாலும் பின்னால் உடையும், வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் வங்கி வில்லங்கம் பார்க்கும்போது அங்கேயே நிற்கும்.

பாகம் பிரித்தே ஆக வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற அனுமதியோடு செய்யுங்கள், தங்கையின் பங்குப் பணம் அவர் பெயரில் வைப்புத்தொகையாக நிற்கட்டும். அவசரமில்லை என்றால் வீடு கூட்டாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, நியமனத்தோடு வேலை முடியாது. ஆறு மாதத்துக்குள் தங்கையின் சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாம் அடங்கிய பட்டியலை அக்கா குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவு செலவுக் கணக்கு. கவனிக்காமல் விட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ பாதுகாவலரை நீக்க 17-ஆம் பிரிவு இருக்கிறது. தங்கை கணக்கைத் தனியாக வையுங்கள், அக்காவின் சேமிப்பில் கலக்காதீர்கள்.

தென்றல்76:
இதே குழுவில் மறதி நோய் உள்ள மாமனாருக்கும் கேட்கலாமா? நாலு வருடம் முன்பு என் கணவருக்குப் பவர் எழுதித் தந்திருக்கிறார்.

மனுநீதி:
முடியாதுங்க, மறதி நோய் அந்த நான்கில் வராது. பவரும் உதவாது. எழுதிக் கொடுத்தவரின் மனநிலை தவறினால் முகவர் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் வரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சைக்கு மட்டும்தான், பணத்தைத் தொட முடியாது.

பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறார்கள். 2024-ல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. சொத்தை விற்க அனுமதித்து, 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடச் சொன்னது. நரம்பியல் மருத்துவர் அறிக்கை, எல்லா வாரிசுகளின் சம்மதம், முழுச் சொத்து விவரம், மருத்துவமனைப் பில்கள், மாதச் செலவுக் கணக்கு இவற்றோடு வக்கீலைப் பாருங்கள். சம்மதம் தராத ஒரு வாரிசு இருந்தால் அவரை மறைக்காமல் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.